சில்லறை வேலை: ஒரு கட்டடம் எப்போது முடிகிறது?

தஞ்சைப் பெரிய கோயில் எப்போது கட்டி முடிந்தது என்ற கேள்விக்குக் கல்லிலேயே விடை இருக்கிறது. விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக் குடம் கொடுத்ததை, தன் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாள் என்று குறித்து முதலாம் ராஜராஜன் வெட்டி வைத்திருக்கிறான். அது பொ.ஆ. 1010. ஆயிரமாவது ஆண்டு விழாவை 2010-ல் எடுத்ததும் இந்தக் கணக்கை வைத்துத்தான். அதே விமானத்தின் மேல்தள உட்சுற்றுக்குப் போனால் வேறொரு விடை கிடைக்கிறது. நாட்டியக் கரணங்கள் 108-ஐயும் வரிசையாகச் செதுக்க ஆரம்பித்து, 81-ஓடு உளி நின்றுவிட்டது. மீதி 27 கற்கள் சிற்பத்துக்காகவே பதிக்கப்பட்டு வெறுமையாக இருக்கின்றன. குடம் ஏறிவிட்டது, சில்லறை வேலை பாக்கி.

கட்டுமானத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. கூரை போட்டாயிற்று, பூச்சு முடிந்தது, பெயின்ட் அடித்தாயிற்று, ஆட்களும் குடிவந்துவிட்டார்கள். ஆனாலும் ஃபைனல் பில் பாஸாகவில்லை, ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் வரவில்லை, லிஃப்டுக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. கட்டடம் முடிந்ததா இல்லையா? கேட்பவரைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. அதை வெறும் சொல்வழக்கு என்று ஒதுக்கவும் முடியாது. ‘முடிந்த நாள்’ எது என்பதை வைத்துத்தான் எல்.டி. எனப்படும் தாமத அபராதம் நிற்கிறது, பிடித்து வைத்த பணத்தில் பாதி வெளியே வருகிறது, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் ஓடத் தொடங்குகிறது, தீ விபத்து நேர்ந்தால் யார் தலையில் விழும் என்பது முடிவாகிறது. வாட்ச்மேன் சம்பளத்தை அடுத்த மாதத்திலிருந்து யார் கொடுப்பது என்பதும் அதில் அடக்கம்.

இந்தக் கேள்விக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டமும் ஒப்பந்தங்களும் தொழில் வழக்கமும் தந்துவந்த பதில்கள் ஐந்தாறு வகைக்குள் அடங்கும். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பயத்துக்கு மருந்தாகப் பிறந்தது. மருந்தின் பக்கவிளைவுகள்தான் இன்றைய வழக்குகளில் பெரும்பகுதி என்று தோன்றுகிறது.

முழுதும் முடித்தால்தான் கூலி

பழைய ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் நிலை கறாரானது. மொத்தத் தொகைக்கு ஒத்துக்கொண்ட வேலையை முழுதாக முடிக்காதவனுக்கு ஒரு காசும் கிடையாது. இதற்கு மூலமாகக் காட்டப்படும் 1795-ஆம் ஆண்டு வழக்கு கட்டடத்தைப் பற்றியதே அல்ல. ஜமைக்காவிலிருந்து லிவர்பூலுக்குப் போகும் கப்பலில் வேலைக்குச் சேர்ந்த கட்டர் என்பவர் கரை சேரும் முன்பே இறந்துபோனார். பயணம் முடிந்தால்தான் சம்பளம் என்பது பேச்சு. அவர் மனைவிக்கு எதுவும் கிடைக்கவில்லை.

கட்டடத்தில் இந்த விதி 1898-ல் சம்ப்டருக்கும் ஹெட்ஜஸுக்கும் நடந்த வழக்கில் வந்து நின்றது. இரண்டு வீடுகளும் குதிரை லாயமும் 565 பவுனுக்குக் கட்ட ஒத்துக்கொண்ட ஒப்பந்தக்காரர், பாதிக்கு மேல் கட்டிவிட்டுக் கையில் பணமில்லாமல் விட்டுவிட்டார். மனைக்காரர் மிச்சத்தைத் தாமே கட்டி முடித்தார். தளத்தில் விட்டுப்போய்ப் பின்பு பயன்பட்ட பொருட்களுக்கு விலை கிடைத்தது. எழுப்பிய சுவருக்குக் கூலி கிடைக்கவில்லை. தன் மனையில் நிற்கும் சுவரை மனைக்காரர் ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல முடியாது, வேறு வழியில்லாமல் அது அங்கே நிற்கிறது என்பது நீதிமன்றத்தின் தர்க்கம்.

பாதியில் விட்டு ஓடுபவனைத் தடுக்கும் வலிமை இந்த நிலைப்பாட்டுக்கு உண்டு. நூற்றில் தொண்ணூற்றெட்டு முடித்தவனையும் பாதியில் ஓடியவனையும் ஒரே தட்டில் வைப்பது இதன் பலவீனம். இந்தியச் சட்டம் ஆரம்பத்திலேயே சற்று விலகி நின்றது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு, இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்ததன் பலனை மற்றவர் அனுபவித்தால் ஈடு தர வேண்டும் என்கிறது. நம் நீதிமன்றங்களில் கான்ட்ராக்டர்கள் அடிக்கடி பற்றிக்கொள்ளும் கொம்பு இது.

பெரும்பாலும் முடிந்தால் போதும்

அடுத்த நிலைப்பாட்டுக்கு முகம் கொடுத்தது 1921-ல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி கார்டோசோ எழுதிய தீர்ப்பு. கென்ட் என்பவருக்கு 77,000 டாலருக்கும் மேல் செலவில் ஒரு கிராமப்புற மாளிகை கட்டப்பட்டது. ரெடிங் என்ற ஆலையில் செய்த குழாய்தான் போட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. சில இடங்களில் வேறு ஆலைக் குழாய் போய்விட்டது. தரம் ஒன்றுதான், பெயர் வேறு. குடிபோய்ப் பல மாதம் கழித்து அது தெரியவந்தது. சுவரை உடைத்துக் குழாயை மாற்று, இல்லையேல் பாக்கி 3,483 டாலர் கிடையாது என்று நின்றார் வீட்டுக்காரர். மாற்றும் செலவைக் கழிக்கக் கூடாது, அந்தக் குழாயால் வீட்டின் மதிப்பில் என்ன குறைந்ததோ அதைக் கழித்தால் போதும் என்றது தீர்ப்பு. மதிப்பில் குறைந்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஏழு நீதிபதிகளில் மூன்று பேர் உடன்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காசு கொடுப்பவன் கேட்ட குழாயைக் கேட்டபடி போடுவதற்கென்ன என்ற அவர்களுடைய வாதம் இன்றும் உயிரோடு இருக்கிறது.

இங்கிலாந்து இதே இடத்துக்கு மெதுவாக வந்தது. 1952-ல் ஒற்றை அறைக் குடியிருப்பு ஒன்றை 750 பவுனுக்கு அலங்கரித்தவர், கதவு சரியில்லாத ஓர் அலமாரியையும் நீளம் குறைந்த புத்தகத் தட்டையும் விட்டுச் சென்றார். சரிசெய்யச் சுமார் 56 பவுன் ஆகும். அதைக் கழித்து மீதி கொடு என்றது நீதிமன்றம். 1972-ல் 560 பவுனுக்கு வீட்டைச் சூடாக்கும் அமைப்பு வைத்தவருக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை. குறைகளைத் தீர்க்க 174 பவுன் தேவைப்பட்டது. வீடோ சூடாகவே இல்லை. இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே? பதின்மூன்றில் ஒரு பங்கு குறை பொறுத்துக்கொள்ளத்தக்கது, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைந்தது பொறுக்க முடியாதது என்று எண்ணைக் கொண்டு விதி செய்ய யாரும் துணியவில்லை.

துணியாதது சரிதான் என்பதற்கு 2019-ஆம் ஆண்டு வழக்கு ஒன்று சான்று. பிளிமத் நகரில் கட்டிய மாணவர் விடுதியில் 56 அறைகள், ஒப்புக்கொண்ட அளவைவிட 3 விழுக்காட்டுக்கும் மேல் சிறுத்துவிட்டன. இனி அவற்றைப் பெரிதாக்க வழியில்லை. அளவு பிசகியது ஒப்பந்த மீறல்தான். ஆனால் அதனாலேயே கட்டடம் முடியவில்லை என்று ஆகிவிடாது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். நடைமுறை நிறைவு என்பதைப் பார்த்தால் தெரியும், வரையறுக்கச் சொன்னால் கடினம் என்ற பொருள்படவும் அந்தத் தீர்ப்பு பேசுகிறது. ஐந்து கோடி ரூபாய் தொங்கிக்கொண்டிருக்கும் இடத்தில் ‘பார்த்தால் தெரியும்’ என்பது பெரிய ஆறுதல் இல்லை.

பிடித்தம் என்னும் கயிறு

வரையறையைச் சட்டம் தராதபோது தொழில் வேறு வழி தேடியது. யார் கையில் பணம் இருக்கிறதோ அவர் கை ஓங்கும் என்ற எளிய உண்மைதான் அந்த வழி. ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொண்டு, வேலை முடிந்தபின் பாதியும் குறைபாட்டுக் காலம் கழிந்தபின் மீதியும் தருவது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டனில் ரயில்பாதை வெறி பிடித்த காலத்தில், அனுபவமில்லாத ஒப்பந்தக்காரர்கள் புற்றீசலாய்ப் புறப்பட்டபோது இந்த வழக்கம் வேரூன்றியது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. நம்மூரில் ரிடென்ஷன், எஸ்.டி., பிடித்தம் என்று பல பெயர். ஃபிடிக் என்ற பன்னாட்டுப் பொறியாளர் கூட்டமைப்பின் 1999-ஆம் ஆண்டு மாதிரி ஒப்பந்தமான சிவப்புப் புத்தகம் முதல் மாநகராட்சியின் சின்ன டெண்டர் வரை ஏதோ ஒரு வடிவில் இது உண்டு.

கயிறு இழுக்கிறதா என்பதுதான் கேள்வி. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கோடி ரூபாய் வேலையில் ஐந்து லட்சம் பிடித்தம் என்று வைத்துக்கொள்வோம். மிச்சமிருக்கும் சில்லறை வேலைகள் நூற்றைம்பது. அவற்றின் பொருட்செலவு பெரிதாக இராது. ஆனால் மூன்றாம் மாடியில் ஒரு டைல்ஸ் மாற்ற வேண்டும்; அதற்கு டைல்ஸ்காரர் வர வேண்டும். அவர் உடைக்கும்போது குழாய் அசைந்தால் பிளம்பர் வர வேண்டும். ஓரம் பூசக் கொத்தனார், பிறகு பட்டி பார்க்க ஒருவர், அதன் மேல் பெயின்டர். ஐந்து கைகள், ஐந்து நாள், ஒரு சதுர அடி வேலை. இதே ஆட்கள் அடுத்த சைட்டில் ஒரு நாளில் ஐம்பது சதுர அடி முடிப்பார்கள். நல்ல ஆட்கள் எப்போதும் முதலில் கிளம்பிவிடுகிறார்கள். கடைசியாக நிற்பது, வேறு இடத்தில் வேலை கிடைக்காத செட். முடிவு வேலை என்பது கண்ணுக்குத் தெரியும் வேலை. அதைச் செய்ய வருவதோ இருப்பதிலேயே கைப்பழக்கம் குறைந்த கை. இந்த முரணைப் பற்றி ஒப்பந்த நூல்கள் அதிகம் பேசுவதில்லை.

ஆக, பிடித்தத் தொகை சிறியதாக இருந்தால் அதைக் கைவிட்டுவிட்டுப் போவதே கான்ட்ராக்டருக்கு லாபம். பெரியதாக இருந்தால் அது அவருடைய மொத்த லாபத்தையே விழுங்கி, கடைசிக் கட்டத்தில் ஆளுக்குக் கூலி கொடுக்கவே பணமில்லாமல் செய்துவிடுகிறது. எந்த விழுக்காடு சரி என்பதற்கு வலுவான விளக்கம் எதுவும் கண்ணில் படவில்லை. வழக்கத்தில் இருப்பதால் வழக்கத்தில் இருக்கிறது.

இன்னொரு அநியாயம் அடியடுக்கில் நடக்கிறது. பைல் அடித்தவர் முதல் மூன்று மாதத்தில் வேலையை முடித்துப் போய்விடுகிறார். அவருடைய பிடித்தம் வெளியே வருவதோ இரண்டு ஆண்டு கழித்துப் பெயின்டர் முடித்த பிறகு, அதற்கும் ஓராண்டு சென்று. நடுவில் பிரதான கான்ட்ராக்டர் திவாலானால் போனது போனதுதான். நியூசிலாந்தில் 2013-ல் மெய்ன்ஸீல் என்ற பெரிய நிறுவனம் விழுந்தபோது இதுதான் நடந்தது. அதன்பின் அங்கே, 2017 மார்ச் 31 முதல், பிடித்தப் பணத்தைப் பிறர் பொருளாகக் கருதி அறக்கட்டளைப் பொறுப்பில் வைத்திருக்கச் சட்டம் வந்தது. பிரிட்டனில் 2018 ஜனவரியில் கரிலியன் என்ற கட்டுமான நிறுவனம் சரிந்ததும் அதே விவாதம் எழுந்தது. பணத்துக்குப் பதில் பேங்க் கேரண்டி என்பது நடுவழி; பெரிய கம்பெனிகளுக்கு அது எளிது, சின்னவர்களுக்கு அதற்கும் மார்ஜின் பணம் கட்ட வேண்டும்.

கையெழுத்து யாருடையது

நான்காவது பதில், மூன்றாம் ஒருவர் பார்த்துச் சான்று தரட்டும் என்பது. ஃபிடிக் ஒப்பந்தத்தில் இன்ஜினியர் 28 நாளுக்குள் ஏற்புச் சான்று தர வேண்டும், அல்லது காரணம் சொல்லி மறுக்க வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால், வேலை உண்மையில் பெரும்பாலும் முடிந்திருக்கும் பட்சத்தில், சான்று தந்ததாகவே கொள்ளப்படும். கட்டடத்தின் ஒரு பகுதியை உடைமையாளர் பயன்படுத்தத் தொடங்கினால் அந்தப் பகுதியை ஏற்றுக்கொண்டதாகவே பொருள். மௌனத்தையும் நடத்தையையும் கையெழுத்தாக்கும் இந்த ஏற்பாடு, கையெழுத்துப் போடத் தயங்குபவர்களின் உலகத்தை அறிந்தவர்கள் எழுதியது.

இந்திய மத்தியப் பொதுப்பணித்துறையின் பொது நிபந்தனைகளிலும் காலக்கெடு இருக்கிறது. முடித்த பத்து நாளுக்குள் ஒப்பந்தக்காரர் அறிவிக்க வேண்டும். முப்பது நாளுக்குள் பொறியாளர் பார்வையிட வேண்டும். அதே பிரிவில், சாரத்தை அவிழ்த்து, மிஞ்சிய பொருளையும் குப்பையையும் அள்ளி, தொழிலாளர் குடிசைகளையும் அவர்களுக்கான கழிப்பறைகளையும் அப்புறப்படுத்தி, கதவு ஜன்னல் தரையெல்லாம் துடைத்த பிறகே வேலை முடிந்ததாகக் கருதப்படும் என்கிற வாசகமும் வருகிறது. கட்டியவர்கள் இருந்த தடமே இல்லாமல் போவது நிறைவுக்கு ஒரு நிபந்தனை. ஒப்பந்த மொழி சில சமயம் எழுதியவர் நினைக்காததையும் சொல்லிவிடுகிறது.

அரசு வேலையில் சிக்கல் கெடுவில் இல்லை. கெடு தவறுவதன் காரணத்தில் இருக்கிறது. ஃபைனல் பில் என்பது ஒரு பில் அல்ல, ஒரு மூட்டை. எம்.புக் எனப்படும் அளவுப் பதிவேட்டில் ஒவ்வொரு அளவும் ஏறியிருக்க வேண்டும். டெண்டரில் சொன்ன அளவுக்கும் நடந்த அளவுக்கும் வித்தியாசக் கணக்கு வேண்டும். எக்ஸ்ட்ரா ஐட்டங்களுக்கு விகிதம் மேலே ஒப்புதலாகி வந்திருக்க வேண்டும். சிமென்டும் கம்பியும் கணக்குப்படி எவ்வளவு ஆகியிருக்க வேண்டும், எவ்வளவு ஆனது என்ற ஒப்பீடு வேண்டும். தாமதம் இருந்தால் கால நீட்டிப்பு ஆணை வேண்டும். தாமதம் யாரால் என்று அதில் எழுத வேண்டும். எழுதுகிறவர் யாரால் தாமதமோ அவராகவே இருக்கலாம். இதற்குள் அஸ்திவாரத்தை அளந்த உதவிப் பொறியாளர் மாற்றலாகிப் போயிருப்பார். வந்தவர், தான் பார்க்காத அளவுக்குத் தான் ஏன் கையெழுத்திட வேண்டும் என்று நினைப்பது இயற்கை. கையெழுத்துப் போடாததற்காக ஆடிட் பாரா வருவது அரிது, போட்டதற்காக வருவதுண்டு. இந்தச் சமனின்மை மாறாதவரை காலக்கெடுக்கள் காகிதத்தில் நிற்கும் என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு.

அதன் மறுபக்கம் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற சான்று. அதில் கையெழுத்திட்டால்தான் செக். பணமுடையில் இருக்கும் ஒப்பந்தக்காரர் போட்டுக் கொடுத்துவிட்டு, பிறகு கோரிக்கை எழுப்புகிறார். 2004-ல் ஒரு மின் உற்பத்திக் கழக வழக்கிலும் 2008-ல் போகாரா பாலிஃபேப் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை ஆராய்ந்தது. நெருக்கடியில் வாங்கிய கையெழுத்து நடுவர் மன்றத்தின் கதவைத் தானாகவே அடைத்துவிடாது, கையெழுத்து உண்மையிலேயே விரும்பிப் போடப்பட்டதா என்று பார்க்க வேண்டும் என்பது இவற்றின் போக்கு. நியாயமான நிலை. ஆனால் இதன் விளைவாக எந்த முடிவும் முற்றான முடிவு இல்லை என்றும் ஆகிறது.

சான்றில் இன்னொரு வகை உள்ளாட்சியும் வளர்ச்சிக் குழுமமும் தருவது. 2019-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பணிநிறைவுச் சான்றைக் கோருகின்றன. சிறு வீடுகளுக்கும் தொழிற்சாலைக் கட்டடங்களுக்கும் விலக்கு. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் வந்தபின் இந்தச் சான்றுக்குத் தனி எடை கூடியது: 2017 மே 1 அன்று சான்று பெறாமல் நடந்துகொண்டிருந்த திட்டங்கள் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 3-ஆம் பிரிவு சொன்னது. 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒருபடி மேலே போய், நிறைவுச் சான்று காட்டிய பிறகே மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகள் தர வேண்டும், வங்கிகளும் அதைச் சரிபார்த்தே கட்டடத்தை அடமானமாக ஏற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இலங்கையில் நகர அபிவிருத்தி அதிகார சபையின் இசைவுச் சான்றிதழ் இதே வேலையைச் செய்கிறது.

இந்தச் சான்று எதை அளக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பக்க இடைவெளி, உயரம், தளப்பரப்பு, வண்டி நிறுத்துமிடம். வரைபடத்தை மீறவில்லை என்று அது சொல்கிறது. குளியலறைத் தரை ஒழுகாது என்று அது சொல்லவில்லை. வாங்குகிறவர் பெரும்பாலும் இரண்டும் ஒன்றென்று நம்புகிறார்.

பத்து ஆண்டு பொறுத்துப் பார்

முடிந்த நாளைப் பற்றி ஏன் இவ்வளவு சண்டை, அதற்குப் பிறகும் கட்டியவன் பொறுப்பாளி என்று வைத்தால் என்ன என்பது பிரெஞ்சுப் பதில். இதன் முன்னோடியை ஹம்முராபியின் கல்வெட்டில் காண்பவர்கள் உண்டு. வீடு விழுந்து வீட்டுக்காரன் செத்தால் கட்டியவனுக்கு மரணம், சுவர் சாய்ந்தால் தன் செலவில் கட்டித் தர வேண்டும். ஒப்படைப்பு நாள் என்ற ஒன்றே அங்கே பேச்சில் இல்லை. 1804-ஆம் ஆண்டு நெப்போலியன் சட்டத் தொகுப்பின் 1792-ஆம் பிரிவு, கட்டட அமைப்பில் உள்ள கோளாறால் மட்டுமின்றி மண்ணின் குறையால் விழுந்தாலும் பத்தாண்டு வரை கட்டடக் கலைஞரும் கட்டியவரும் பொறுப்பு என்றது. 1978 ஜனவரி 4-ஆம் தேதிச் சட்டம் இதை மூன்றாகப் பிரித்தது: ஏற்பு நாளிலிருந்து எல்லாக் குறைகளுக்கும் ஓராண்டு, பிரித்தெடுக்கக்கூடிய கருவிகளுக்கு இரண்டாண்டு, கட்டடத்தின் உறுதிக்கும் பயன்பாட்டுக்கும் பத்தாண்டு. கூடவே கட்டாயக் காப்பீடு. குற்றம் யாருடையது என்று தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல் காப்பீட்டு நிறுவனம் முதலில் பழுதைச் சரிசெய்யப் பணம் தருகிறது. பிறகு அவர்களுக்குள் சண்டை.

இந்த மூன்றடுக்கின் அறிவுக்கூர்மை, குறைகளின் ஆயுள் வேறு வேறு என்று ஒப்புக்கொண்டதில் இருக்கிறது. நம்முடைய ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14-ஆம் பிரிவு எல்லாவற்றுக்கும் ஒரே ஐந்தாண்டு தருகிறது. குறையைச் சுட்டிக்காட்டிய முப்பது நாளில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. வாங்குபவருக்கு இதில் ஆதாயம் உண்டு. ஆனால் காப்பீடு இல்லாத பொறுப்பு, கட்டிய நிறுவனம் உயிரோடு இருக்கும்வரைதான். ஒரு திட்டத்துக்கென்றே தொடங்கிய கூட்டு நிறுவனம் ஐந்தாவது ஆண்டில் எங்கே இருக்கும்?

மறைந்திருக்கும் குறைக்கு எந்தக் கால எல்லையும் போதாமல் போவதும் உண்டு. லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பு, ஆட்கள் குடியேறி இரண்டே மாதத்தில், 1968 மே 16 அன்று விடியற்காலையில் பதினெட்டாம் மாடியில் நேர்ந்த ஒரு கேஸ் வெடிப்பில் ஒரு மூலை முழுதும் சரிந்தது, நால்வர் இறந்தனர். வலுப்படுத்தி மறுபடி குடிவைத்தார்கள். 1986-ல் அதைப் பிரித்தெடுத்தபோதுதான் சில இணைப்புகளில் கலவைக்குப் பதில் செய்தித்தாளும் குப்பையும் அடைத்திருந்தது வெளியே வந்தது. முடிக்கும் நாளில் சுற்றிப் பார்த்த எந்தக் கண்ணுக்கும் அது தெரிந்திருக்காது.

ஓட்டிப் பார்த்து ஒப்படைத்தல்

அண்மைய நிலைப்பாடு சட்டத்திலிருந்து வரவில்லை, பொறியாளர்களிடமிருந்து வந்தது. முடிவு என்பது ஒரு நாள் அல்ல, ஒரு காலம் என்பது இதன் சாரம். பிரிட்டனில் 1995-க்கும் 2002-க்கும் இடையில் ‘புரோப்’ என்ற பெயரில், குடிபோன கட்டடங்களுக்குத் திரும்பிச் சென்று அவை எப்படி ஓடுகின்றன என்று பார்த்து வெளியிட்ட ஆய்வுகள், வரைபடத்தில் சொன்னதற்கும் நடப்பில் இருப்பதற்கும் உள்ள தூரத்தைக் காட்டின. அந்தக் கவலையின் வழியில், ஒப்படைத்தபின் மூன்றாண்டு வரை கட்டியவர்கள் உடனிருந்து சீர்செய்ய வேண்டும் என்று சொல்லும் ‘சாஃப்ட் லேண்டிங்ஸ்’ வழிமுறை 2009-ல் வெளியானது. விமானம் தடதடவென்று இறங்காமல் மெத்தென்று இறங்குவது என்ற உவமை.

விமான நிலையங்களிலிருந்தே இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் கிடைப்பது தற்செயல். ஹீத்ரோவின் ஐந்தாம் முனையம் சொன்ன நாளில் கட்டி முடிந்தது. 2008 மார்ச் 27 அன்று திறந்தபோது பெட்டிகள் மலைபோல் குவிந்து, அடுத்த நாட்களில் நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. ஊழியர்களுக்கு வண்டி நிறுத்தும் இடம் தெரியவில்லை. சோதனை ஓட்டத்துக்காகக் கணினியில் போட்ட ஒரு வடிகட்டியை எடுக்க மறந்திருந்தார்கள். பெர்லின் பிராண்டன்பர்க் இதன் தலைகீழ். 2012 ஜூன் 3 அன்று திறப்பு என்று நாள் குறித்து, நான்கு வாரம் கூட இல்லாத நிலையில் ரத்து செய்தார்கள். தீ விபத்தில் புகையை வெளியேற்றும் அமைப்பு சான்றுபெற முடியவில்லை. விமான நிலையம் திறந்தது 2020 அக்டோபர் 31-ல். கண்ணுக்கு முடிந்ததுபோல் நின்ற ஒரு கட்டடத்தின் கடைசிச் சில்லறை எட்டாண்டு எடுத்தது.

இந்த நிலைப்பாட்டின் ஆதரவாளர்கள் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருக்கிறார்கள்: முடிக்கும் வேலை முடிவில் தொடங்கக் கூடாது. குளியலறையை எடுத்துக்கொள்ளலாம். சங்கன் ஸ்லாப் எனப்படும் தாழ்த்தி வார்த்த தளத்தில் நீர்த்தடுப்புப் பூசியதும், டைல்ஸ் ஒட்டும் முன், தண்ணீர் கட்டி இரண்டு நாள் வைத்துவிட்டுக் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தட்டுகிறதா என்று பார்க்கிறார்கள். அன்றைக்குத் தெரிந்தால் ஒரு டப்பா மருந்தோடும் ஓர் ஆளின் கூலியோடும் போகும். ஒப்படைப்பு நாளில் ஒரு ரூபாய் நாணயத்தால் டைல்ஸைத் தட்டிக்கொண்டே போய் ‘டொக்’ என்ற வெற்றொலி கேட்கும் இடத்தில் சாக்பீஸ் கோடு போடுகிறவருக்கு, அடியில் தண்ணீர் இறங்குகிறதா என்று அறிய வழியில்லை. அது அடுத்த மழையிலோ அடுத்த குடியிருப்பாளரிடமோ தெரியவரும். உள்ளபடியான வரைபடமும் அப்படித்தான். எந்தக் குழாய் எங்கே வளைந்து போகிறது என்பதைச் சுவர் மூடும் முன் குறித்தால் வரைபடம்; மூடியபின் வரைந்தால் நினைவுக் குறிப்பு.

பலவீனம் பணம். மூன்றாண்டு உடனிருப்பதற்கு யார் கட்டணம் தருவது? குறைந்த விலைக்கு டெண்டர் எடுக்கும் இடத்தில் இந்த வரி முதலில் அடிபடும். மேலும் இதன் வெற்றிக் கதைகள் பெரும்பாலும் விருப்பமுள்ள உடைமையாளர்களின் கட்டடங்களிலிருந்து வருபவை. விருப்பமில்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு அவை சான்றாகா.

விடைபெறும் வழக்கம்

சட்டப் புத்தகங்களுக்கு வெளியே தமிழ் மரபில் ஒரு பதில் இருந்தது. புதுமனை புகுவதற்கு முந்தைய இரவில் ஆசாரி செய்யும் தச்சு கழித்தல், மறுநாள் பால் காய்ச்சும் வேளையில் கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் வேட்டி துண்டு வைத்துத் தரும் மரியாதை. தோஷம் கழிப்பது என்பது சடங்கின் விளக்கம். நடைமுறையில் அது ஒரு கைமாற்றம்: இந்த இரவு வரை வீடு ஆசாரியுடையது, விடிந்தால் வீட்டுக்காரருடையது. பாக்கிக் கூலியும் அந்தத் தட்டில்தான் தீரும். கோயிலிலோ நாற்பத்தெட்டு நாள் மண்டலாபிஷேகம் தொடர்கிறது, பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை மறுபடி குடமுழுக்கு. பராமரிப்பு முடிவுக்குள்ளேயே சேர்ந்திருக்கிறது. இவற்றை நவீனக் குறைபாட்டுக் காலத்தின் முன்னோடி என்று நீட்டுவது அதிகப்படி. ஆனாலும் முகத்துக்கு முகம் நின்று கணக்குத் தீர்த்து விடைபெற ஒரு நாள் இருந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை.

அந்த நாளின் குறையும் தெளிவு. முகூர்த்தம் காத்திருக்காது. ஆனி போனால் ஆடி வரும், ஆடியில் யாரும் குடிபோவதில்லை. ஆகவே வீடு முடிந்ததால் புகுவிழா வருவதில்லை. புகுவிழா வருவதால் வீடு ‘முடிகிறது’. ஈரம் காயாத சுவரில் பெயின்ட் ஏறுவது இப்படித்தான்.

தீராதவை

மேலே கண்ட நிலைப்பாடுகள் ஒன்றையொன்று மறுப்பவைபோல் தோன்றினாலும், கவனித்துப் பார்த்தால் அவை வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள். கூலி எப்போது, அபாயம் யாருக்கு, குடியேறலாமா, பொறுப்பு எதுவரை, கட்டடம் ஓடுகிறதா. ஐந்துக்கும் ஐந்து நாள் இருக்கலாம். ஒரே நாளை எல்லாவற்றுக்கும் ஆணியாக அடிப்பதால்தான் அந்த நாளை ஒருவர் முன்னுக்கும் மற்றவர் பின்னுக்கும் இழுக்கிறார்கள் என்று கருத இடமிருக்கிறது. பிரெஞ்சு மூன்றடுக்கும், வேலை முடிந்ததும் ஒன்று குறைபாட்டுக் காலம் கழிந்ததும் ஒன்று என ஃபிடிக் வைத்த இரண்டு சான்றுகளும் இந்தத் திசையில் நகர்ந்தவை. நாள்கள் பெருகினால் தகராறும் பெருகுமா குறையுமா என்பதற்கு உறுதியான பதில் இல்லை.

குடியிருக்கப் போகிறவருக்குக் கையெழுத்து உண்டா என்பது இன்னும் கடினமான கேள்வி. 2021 ஆகஸ்டில் சென்னைப் புளியந்தோப்பு கே.பி. பூங்கா அடுக்குமாடிக் குடியிருப்பில், குடியேறியவர்கள் கையால் தொட்டாலே பூச்சு உதிர்வதைக் காட்டினார்கள். பிறகுதான் ஐ.ஐ.டி. வல்லுநர்கள் ஆய்வுக்கு வந்தார்கள். ஒப்பந்தக்காரரும் குடிசை மாற்று வாரியமும் ஒப்படைத்து ஏற்றுக்கொண்ட கட்டடம் அது. குடியேறியவர்கள் அந்த ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. பணம் கொடுத்து வாங்குபவருக்கு ரியல் எஸ்டேட் சட்டம் ஓரளவு குரல் தந்திருக்கிறது. ஒதுக்கீடு பெறுபவருக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை.

கடைசியாக, எண்ணிக்கையில் மிகுந்தவை இந்த விவாதத்துக்குள் வரவே இல்லை. சொந்த மனையில் மேஸ்திரியிடம் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிக் கட்டும் வீடுகளுக்குப் பெரும்பாலும் எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. விலக்குக்குள் வருவதால் நிறைவுச் சான்றும் வேண்டாம். பிடித்தம் என்று தனியாக எதுவும் இல்லை, கடைசித் தவணை ஐம்பதாயிரம் கொடுக்காமல் வைத்திருப்பது தவிர. மொட்டைமாடித் தளவோடு ஒழுகினால் வீட்டுக்காரர் போன் செய்கிறார். மேஸ்திரி வேறு சைட்டில் கான்கிரீட் போட்டுக்கொண்டிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்கிறார்.